மாமியாரை வெளியே உட்காரச் சொல்லுங்கள்

பிள்ளை பெற்ற வீட்டுக்கு வருகிறவர்கள் குழந்தையைப் பற்றித்தான் விசாரிப்பார்கள். பால் குடிக்கிறதா, யார் ஜாடை? பெற்றவள் வாரக்கணக்கில் அழுதுகொண்டிருந்தாலும், ‘பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்’ என்று பேச்சு முடிந்துவிடும்.

பிரசவமான மூன்றாம், நான்காம் நாளில் கண் கலங்குவது சகஜம். நஞ்சுக்கொடி வெளியேறியதும் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் மளமளவென்று சரிகின்றன. அந்தக் கலக்கம் இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும். அடங்காவிட்டால் அது மனச்சோர்வாக இருக்கலாம். சிகிச்சை தேவைப்படும் நோய்.

ஹார்மோன் மட்டும் காரணமல்ல. தமிழகக் கிராமப் பெண்களைக் கர்ப்பகாலம் தொட்டுக் கவனித்து 2002இல் வெளியான ஆய்வில், பிரசவத்துக்குப் பின் நூற்றுக்கு 11 பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. வருமானக் குறைவு, மாமியாரோடும் பெற்றோரோடும் உரசல், ஒத்தாசைக்கு ஆளில்லாமை, ஆண் பிள்ளையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது ஆகியவை ஆபத்தைக் கூட்டியிருந்தன. கடைசிக் காரணத்துக்கு எந்த மருந்துக்கடையிலும் மாத்திரை கிடையாது.

நோயைச் சந்தேகிக்க ஸ்கேன் வேண்டாம். 1987இல் மனநல மருத்துவர் ஜான் காக்ஸும் சகாக்களும் வெளியிட்ட எடின்பரோ அளவுகோலில் பத்தே கேள்விகள், தமிழிலும் உண்டு. உடம்பு அசதியா, பசிக்கிறதா என்று அது கேட்பதில்லை. கைக்குழந்தைக்காரிக்கு அசதி இல்லாமலா இருக்கும்? கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமின்றிப் பயம் வந்ததா என்றுதான் கேட்கும். பத்தாவது கேள்வி, தனக்குத்தானே தீங்கு செய்துகொள்ளும் நினைப்பு வந்ததா என்பது. அதற்கு ‘ஆம்’ என்றால், மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் உடனே கவனித்தாக வேண்டும்.

சிகிச்சைக்கு எல்லோரும் மனநல மருத்துவரிடம் போக வேண்டியதுமில்லை. பாகிஸ்தானின் ராவல்பிண்டி கிராமங்களில், கர்ப்பகாலத்திலேயே சோர்ந்திருந்த பெண்களின் வீட்டுக்குப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் போய்ப் பேசினார்கள். குழந்தைக்கு ஆறு மாதமானபோது அந்தப் பெண்களில் 23 சதவீதத்தினருக்கே நோய் நீடித்தது. அந்தப் பயிற்சி இல்லாத பணியாளர்கள் அதே எண்ணிக்கையில் போய்வந்த வீடுகளில் அது 53 சதவீதம். 2008இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கணக்கு இது.

நம்மூரில் ஆறாவது வாரத் தடுப்பூசிக்குத் தாய் தானாகவே வருகிறாள். கிராம சுகாதார செவிலியர் அந்தப் பத்துக் கேள்விகளையும் கேட்டு முடிக்க ஐந்து நிமிடம் போதும். கூட வந்த மாமியார் அதுவரை வெளியே இருக்கட்டும். பக்கத்தில் இருந்தால் பத்துக்கும் ‘ஒண்ணுமில்லைங்க’ என்ற பதில்தான் வரும். கேட்ட பிறகு அனுப்ப இடமும் வேண்டும்: மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் இருக்கிறார், நடுராத்திரி என்றால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண் இருக்கிறது.