சீனக் கடற்கரையில் சுற்றுக்காவலும் கலங்கரை விளக்கமும்

முன்னுரை

சீன நாட்டின் தென்கிழக்குக் கடற்கரை எண்ணற்ற தீவுகளும் குடாக்களும் நிறைந்தது. நீருள் மறைந்து கிடக்கும் பாறைகள், ஆற்று முகங்களில் இடம்பெயரும் மணல் திட்டுகள், டைபூன் எனப்படும் சூறாவளி, தீவுகளின் மறைவில் காத்திருக்கும் கொள்ளைக் கலங்கள் ஆகிய நான்கும் அங்குக் கப்பலோட்டிகளை அச்சுறுத்தி வந்தன. 1842ஆம் ஆண்டு நான்கிங் உடன்படிக்கையால் காண்டன், ஆமாய், பூச்சௌ, நிங்போ, ஷாங்காய் ஆகிய ஐந்து துறைமுகங்கள் ஆங்கிலேயரின் வாணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டன. ஹாங்காங் தீவும் அவர்கள் உடைமையாயிற்று. அன்று முதல் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் ஆங்கிலக் கடற்படை அக்கரையில் சுற்றுக்காவல் புரிந்தது.

இக்காவலின் பயன் யாது? கடற்போர்களில் அது பெற்ற வெற்றிகள் பல. ஆயினும், கடல்வழி காவலுற்றதற்குப் பீரங்கி மட்டுமே காரணமன்று. கடல் வரைபடமும் கலங்கரை விளக்கமும் வானிலை அறிவிப்பும் அதனினும் மிகுதியாகப் பயன் விளைத்தன. மேலும், கடற்கொள்ளையன் யார் என்று முடிவு செய்யும் உரிமையே அரசுகளுக்கிடையே பெரும்பூசலாயிற்று. இவ்விரண்டையும் விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொள்ளையரின் தோற்றம்

கடற்கொள்ளையர் எனப்பட்டோர் தனியொரு குலத்தினர் அல்லர். குவாங்டுங் கரையின் ஏழை மீனவர் பலர், மீன்வளம் குன்றிய திங்களில் கொள்ளைத் தொழிலில் இறங்கிப் பின்னர் வலைத்தொழிலுக்கே மீண்டனர். இச்சிறு கொள்ளை பெரும்படையாக வளர்ந்ததற்கு அரசியலே காரணம். வியட்நாமில் ஆண்ட டேசான் அரசினர் சீனக் கொள்ளையரைத் தம் கடற்படையில் சேர்த்துப் பட்டமும் படைக்கலமும் வழங்கினர். 1802இல் அவ்வரசு வீழ்ந்தது. புரவலரை இழந்த கொள்ளையர் சீனக் கரைக்குத் திரும்பி, 1805இல் தமக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, கொடியின் நிறத்தால் வேறுபட்ட அணிகளாக ஒன்றுபட்டனர். 1807இல் தலைவன் செங் யீ இறந்தபின், செங் யீ சாவ் என வழங்கப்பெறும் அவன் மனைவி தலைமை ஏற்றாள். அவள் காலத்தில் அக்கூட்டத்தினர் 50,000க்கும் மேற்பட்டோர் என்று ஆராய்ச்சியாளர் மதிப்பிடுவர்.

இத்துணைப் பெரிய படையைச் சிங் அரசின் கடற்படையால் வெல்ல இயலவில்லை. போர்த்துக்கீசியக் கப்பல்களின் துணையும் முடிவு தரவில்லை. 1810இல் ஆளுநர் பொதுமன்னிப்பு வழங்கவே, செங் யீ சாவும் அவளுடைய படைத்தலைவன் சாங் பாவும் பணிந்தனர். சாங் பாவ் அரசின் கடற்படையிலேயே அதிகாரியாக அமர்த்தப்பெற்றான். நேற்றைய கொள்ளையன் இன்றைய காவலனாதல் அக்கரையில் வியப்புக்குரியதன்று என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

1849ஆம் ஆண்டுப் போர்கள்

1842க்குப் பின்னர் அபினி வாணிகமும் கரையோர வாணிகமும் பெருகின. அவற்றுடன் கொள்ளையும் பெருகிற்று. சுய் அப்பூ, ஷாப் இங் சாய் என்னும் இருவர் புதிய தலைவர்களாயினர். பின்னவன் பெயருக்குப் பதினைந்தாம் மகன் என்பது பொருள். 1849 செப்டம்பர் இறுதியிலும் அக்டோபர் தொடக்கத்திலும், கொலம்பைன் என்னும் போர்க்கப்பலின் தலைவர் ஜான் ஹே, ஹாங்காங்குக்குக் கிழக்கேயுள்ள பயஸ் குடாப் பகுதியில் சுய் அப்பூவின் கலங்களை அழித்தார். அதே அக்டோபர்த் திங்களில் டோங்கிங் ஆற்று முகத்தில் ஷாப் இங் சாயின் 64 கலங்களை எதிர்த்து, அவற்றுள் 58ஐ எரித்தும் மூழ்கடித்தும் ஒழித்தார்.

இவ்வெற்றிக்கு அடிப்படை நீராவி ஆற்றல். ஜங்க் எனப்படும் சீனப் பாய்க்கலம் காற்றில்லாதபோது அசையாது. பியூரி, பிளெகத்தான் ஆகிய நீராவிக் கப்பல்களோ காற்றையும் ஆற்றோட்டத்தையும் பொருட்படுத்தாமல் ஆழங்குறைந்த கால்வாய்களில் நுழைந்தன. இவற்றுள் பிளெகத்தான் கிழக்கிந்தியக் கம்பெனிக்குரியது. சிங் அரசின் போர்க்கலங்கள் சிலவும் இப்போரில் உடன் சென்றன.

போர் முடிந்தபின் நிகழ்ந்தவை சிந்தித்தற்குரியன. சுய் அப்பூ 1851இல் பிடிபட்டு, நாடு கடத்தும் தண்டனை பெற்றுச் சிறையிலேயே தன்னுயிர் மாய்த்துக்கொண்டான். ஷாப் இங் சாயோ தப்பிச் சென்று, சிங் அரசிடம் பணிந்து பதவி பெற்றான். ஓர் அரசின் குற்றவாளி மற்றோர் அரசின் ஊழியனானான்.

தலைவிலைச் சட்டம்

ஆங்கில நாட்டில் 1825இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், கொல்லப்பட்ட அல்லது சிறைப்பட்ட கொள்ளையன் ஒவ்வொருவனுக்கும் 20 பவுனும், அக்கலத்தில் இருந்த ஏனையோருக்குத் தலைக்கு 5 பவுனும் கப்பலோர்க்குப் பரிசாக விதித்தது. தொலைவில் எரியும் கலத்தில் இருந்தோர் எத்துணையர், அவருள் கொள்ளையர் எவர், சிறைப்பட்டு உழைத்த மீனவர் எவர் என்று வரையறுத்தல் அரிது. அழித்தவர் கொடுக்கும் கணக்கே சான்றாயிற்று. 1849இல் சீனக் கடலிலும் போர்னியோக் கரையிலும் நிகழ்ந்த போர்களுக்குப் பெருந்தொகைகள் கோரப்பட்டன. போர்னியோப் போர் ஒன்றிற்கே 20,700 பவுன் வழங்கப்பட்டது. நாடாளுமன்றத்தில் கண்டனம் எழுந்தது; 1850இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. கொலையின் எண்ணிக்கையைக் காவலின் அளவுகோலாகக் கொள்வது எத்துணைத் தீங்குடையது என்பதற்கு இச்சட்டம் ஒரு சான்று.

கொடியும் பதிவுச் சீட்டும்

கடற்படை எங்கும் நிற்க இயலாது. ஆகவே வணிகரும் மீனவரும் கூலிக்குக் காவற்கலம் அமர்த்தினர். மக்காவோவைச் சார்ந்த போர்த்துக்கீசியர், லோர்ச்சா என்னும் கலப்புவகைக் கலங்களில் நிங்போ மீனவர்க்குக் காவல் சென்றனர். நாளடைவில் அக்கூலி வன்முறையால் பறிக்கும் வரியாயிற்று. அவர்களுக்குப் போட்டியாக எழுந்த காண்டன் கலத்தினரோ முன்னர்க் கொள்ளையராய் இருந்தவர். 1857 ஜூனில் இரு திறத்தாரும் நிங்போவில் மோதியபோது போர்த்துக்கீசியர் பலர் கொல்லப்பட்டனர்.

கொடியைப் பற்றிய பூசல் இதனினும் பெரிதாயிற்று. 1856 அக்டோபர் 8ஆம் நாள், ஹாங்காங்கில் பதிவு பெற்றிருந்த ஆரோ என்னும் லோர்ச்சாவில் சீன அதிகாரிகள் ஏறி, கொள்ளையர் என்னும் ஐயத்தின்மேல் சீன மாலுமிகள் 12 பேரைப் பிடித்தனர். ஆங்கிலக் கொடி அவமதிக்கப்பட்டதாகத் தூதர் பார்க்ஸ் முறையிட்டார். கலத்தின் பதிவுக் காலமோ செப்டம்பர் 27ஆம் நாளே முடிந்திருந்தது. ஆயினும் இது காரணமாகவே இரண்டாம் அபினிப் போர் மூண்டது. கொள்ளையை ஒடுக்குவதாகக் கூறிய இரு அரசுகளும், கொள்ளையனைப் பிடிக்கும் உரிமை யாருடையது என்பதன் பொருட்டுப் போரிட்டன.

ஒரே உடன்படிக்கையின் இரு வழிகள்

1858 ஜூனில் எழுதப்பட்ட தியன்சின் உடன்படிக்கை இவ்வரலாற்றில் இன்றியமையாதது. அதன் 52ஆம் விதி, கொள்ளையரைத் துரத்தும் ஆங்கிலப் போர்க்கப்பல்கள் சீனத் துறைமுகம் எதனுள்ளும் நுழையலாம் என்றது. இஃது ஒரு வழி. 32ஆம் விதியோ, விளக்குகளும் மிதவைகளும் விளக்குக் கப்பல்களும் அமைப்பது குறித்துத் தூதர்களும் சுங்க அதிகாரிகளும் கலந்து முடிவு செய்க என்றது. இது மற்றொரு வழி. முன்னது சீனத்தின் ஆட்சியுரிமையைக் குறைத்தது; பின்னது அந்நியர் கலந்ததாயினும் சீன அரசின் துறையொன்றன் வழியாகவே நிறைவேறியது.

அத்துறை சீனக் கடற்சுங்கத் துறையாகும். ராபர்ட் ஹார்ட் 1863இல் அதன் தலைமை ஏற்றார். 1868இல் துறைக்குள் கடற்பிரிவு நிறுவப்பட்டது. கப்பல்கள் செலுத்திய எடைத்தீர்வையின் பெரும்பகுதி அதற்கு ஒதுக்கப்பட்டது. பொறியாளர் டேவிட் ஹெண்டர்சனின் மேற்பார்வையில் விளக்குகள் அடுத்தடுத்து எழுந்தன: யாங்சி முகத்துக்கு அப்பால் குட்ஸ்லாஃப் தீவில் 1869, ஆமாய்க்கு எதிரே சாப்பல் தீவில் 1871, பூச்சௌவுக்கு அப்பால் மிடில் டாக் தீவில் 1872, போர்மோசா நீரிணையில் ஓக்சூ தீவில் 1874.

போர்மோசாவின் தென்முனை விளக்கின் வரலாறு தனியே கூறத்தக்கது. 1867இல் ரோவர் என்னும் அமெரிக்கக் கப்பல் அங்கு உடைந்தது. கரையேறியோரைத் தொல்குடியினர் கொன்றனர். பழிவாங்கச் சென்ற அமெரிக்கப் போர்க்கப்பல்கள் பயன்பெறாது மீண்டன. தூதர் லெஜெண்டர் குடித்தலைவர் டோக்கிடோக்கைக் கண்டு பேசியபின்னரே உடன்பாடு ஏற்பட்டது. 1871இல் ரியூக்யூத் தீவினர் 54 பேர் அப்பகுதியில் கொல்லப்பட்டதும், அதைக் காரணமாக்கி 1874இல் சப்பான் படையெடுத்ததும் சிங் அரசைச் செயற்படத் தூண்டின. 1883இல் அங்கு எழுப்பப்பட்ட விளக்கு, அகழியும் பீரங்கியும் உடைய கோட்டையாகவே அமைந்தது.

விளக்குகளுக்கு முன்னரே கடலளவைப் பணி தொடங்கியிருந்தது. பம்பாய்க் கடற்படையைச் சார்ந்த டேனியல் ராஸ் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், ஆங்கிலக் கடற்படையின் காலின்சன், கெல்லெட் ஆகியோர் 1842ஐ ஒட்டியும் கரையையும் பாறைகளையும் அளந்து வரைந்தனர்.

காற்றை அறிதல்

விளக்கு பாறையைக் காட்டும், சூறாவளியைக் காட்டாது. 1892 அக்டோபர் 10ஆம் நாள், ஷாங்காயிலிருந்து ஹாங்காங்குக்குச் சென்ற பொக்காரா என்னும் கப்பல் சூறாவளியில் சிக்கிப் பெஸ்கடோர்ஸ் தீவுகளில் மோதி உடைந்தது. 125 பேர் மாண்டனர், 23 பேர் பிழைத்தனர். ஷாங்காய்க்கு அருகில் ஜிகாவேயில் ஏசு சபைத் துறவியர் 1872இல் நிறுவிய வானிலைக் கூடமும், 1883இல் எழுந்த ஹாங்காங் வானிலைக் கூடமும் தந்திவழிச் செய்தி பெற்றுப் புயலின் போக்கைக் கணித்து வந்தன. ஆயினும் 1906 செப்டம்பர் 18ஆம் நாள் ஹாங்காங்கைத் தாக்கிய சூறாவளிக்கு எச்சரிக்கை மிகக் குறுகிய நேரமே முந்திற்று. இறந்தோர் ஏறத்தாழ 10,000 பேர்; அவருள் பெரும்பாலோர் படகில் வாழ்ந்த ஏழை மக்கள். கடற்கொள்ளை எதுவும் ஒரே காலையில் இத்துணை உயிர்களைக் கவர்ந்ததில்லை.

பயணியாய் வந்த கொள்ளையர்

நீராவிக் கப்பல்கள் பெருகிய பின்னர், கொள்ளையர் பயணச் சீட்டு வாங்கிக் கப்பலுள் ஏறினர். 1890 டிசம்பரில் நமோவா என்னும் கப்பலில் அவ்வாறு ஏறியோர் கப்பல் தலைவரைக் கொன்று பொருள்களைக் கவர்ந்தனர். 1920க்குப் பின்னர், உள்நாட்டுப் போரால் சீன அரசு சிதைந்திருந்த நிலையில், இம்முறை மிகுந்தது. கைப்பற்றிய கப்பலைப் பயஸ் குடாவுக்குச் செலுத்திக் கொள்ளைப்பொருளுடன் கரையேறுவது வழக்கமாயிற்று. 1927 மார்ச்சில் ஆங்கிலப் படை அக்கரையில் இறங்கி ஊர்களை எரித்தது. கொள்ளை நிற்கவில்லை. அதே ஆண்டு அக்டோபரில், கொள்ளையர் வசப்பட்ட ஐரீன் என்னும் சீனக் கப்பலை எல் 4 என்னும் நீர்மூழ்கி சுட்டது. கப்பல் தீப்பற்றி மூழ்கியது. பயணிகளுள் சிலர் உயிரிழந்தனர். 1935இல் பள்ளிச் சிறார் பயணம் செய்த துங்சௌ கப்பல் கைப்பற்றப்பட்டபோது, விமானங்கள் அதனைத் தேடிக் கண்டன.

சுற்றுக்காவல் வெளியிலுள்ள பகைவனைத் தேடுவது. பகைவன் பயணியருள் ஒருவனானபோது பீரங்கி அவனைப் பிரித்தறியாது. ஆகவே கப்பலுக்குள் இரும்புக் கம்பித் தடுப்புகளும், சீக்கியர் முதலிய காவலரும், ஏறுமுன் சோதனையும் தேவைப்பட்டன.

முடிவுரை

மேற்கூறியவற்றால் அறியப்படுவன மூன்று. முதலாவது, கொள்ளையர் திரண்ட படையாகக் கடலில் நின்றபோது சுற்றுக்காவல் வென்றது. கரையின் வறுமையும் அரசியற் குழப்பமும் நீங்காதவரை அவர் வேறு உருவில் மீண்டனர். இரண்டாவது, கொள்ளையன் என்னும் பெயர் செயலால் மட்டுமன்றிக் கொடியாலும் சீட்டாலும் பரிசுப் பணத்தாலும் சூட்டப்பட்டது; எனவே அக்காலப் பதிவுகளில் அச்சொல்லைக் காணும் ஆராய்ச்சியாளர், சொன்னவர் யார் என்பதையும் உடன் வினவுதல் வேண்டும். மூன்றாவது, விளக்கும் வரைபடமும் வானிலை அறிவிப்பும் கொடி நோக்காது எல்லாக் கலங்களுக்கும் உதவின.

கலங்கரை விளக்கம் என்னும் சிலப்பதிகாரச் சொல்லுக்குத் திசையறியாது ஓடும் கலங்களைக் கூவியழைக்கும் விளக்கு என்பது உரையாசிரியர் தரும் கருத்து. சீனக் கரையில் போர்க்கப்பல்களின் சுற்றுக்காவல் ஓய்ந்துவிட்டது. மிடில் டாக் தீவின் விளக்கும் போர்மோசாத் தென்முனையின் விளக்கும் இன்றும் நிற்கின்றன.