மலைக்கு முந்தின நாள் மச்சம் இல்லை

சத்தம் போடாமல் வாருங்கள். பலெர்மோவில் ஞாயிறு இன்னும் விடியவில்லை. பல்லரோ சந்தையை ஒட்டிய பழைய மாடிவீடுகளில் ஒன்றிரண்டு ஈழத்தமிழர் சமையலறைகளில் மட்டும் விளக்கு எரிகிறது. கதவிடுக்கில் கண்ணை வைத்தால் போதும், முழு ரகசியமும் அங்கேதான் இருக்கிறது: கீழ்த்தட்டில் மச்சச் சட்டி, மேல்தட்டில் மரக்கறிச் சட்டி. இரண்டுக்கும் அகப்பைகூடத் தனித்தனி! ஊரில் அம்மம்மா போட்ட எல்லைக்கோடு, சிசிலித் தீவின் சமையலறை வரை நூல் பிடித்தாற்போல் வந்து சேர்ந்திருக்கிறது.

நேற்று சனிக்கிழமை இதே சந்தையில் வாள்மீனை முழுசாகக் கிடத்தி, அதன் மூக்கு வானத்தைப் பார்க்க, மீன்காரர்கள் பாட்டுப் போலக் கூவி விற்றார்கள். யாழ்ப்பாணத்து நாக்குக்கு அது எவ்வளவு பெரிய சோதனை என்று நான் சொல்லவா வேண்டும்? ஆனால் மறுநாள் மலை. மலையென்றால் முந்தின நாள் மச்சம் இல்லை. விடிய எழும்பித் தலை முழுகி, சாமித்தட்டுக்கு முன் நின்று திருநீறு பூசினால்தான் வாசற்படி தாண்டலாம்.

இத்தனை ஆயத்தமும் யாரைப் பார்க்க? முருகனையா? பிள்ளையாரையா? மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரு கத்தோலிக்கப் புனிதையை!

சாந்தா ரொசாலியா 12ஆம் நூற்றாண்டின் பிரபு வீட்டுப் பெண். செல்வத்தை உதறிவிட்டுக் குகையில் தவம் இருந்தவர் என்பது ஐதீகம். 1624இல் நகரத்தைக் கொள்ளைநோய் வாட்டியபோது மொந்தே பெல்லெக்ரினோ மலையில் அவருடையவை என்று நம்பப்பட்ட எலும்புகள் கிடைத்தன. மறுவருடம் அவற்றை ஊர்வலமாகக் கொண்டுவர நோய் தணிந்தது என்பார்கள். அதுவரை காவலிருந்த பழைய புனிதைகளைப் பின்னுக்குத் தள்ளி, ரொசாலியா நகரத்தின் தலைவியானார். துறவு, குகை, நோய் தீர்க்கும் பெண் தெய்வம். இந்த மூன்றையும் கேட்ட எந்தத் தமிழம்மாவுக்குக் கை தானாகக் குவியாது? மடுமாதாவிடம் சைவரும் போய் நேர்த்தி வைக்கும் நாட்டிலிருந்து வந்தவர்கள் இவர்கள்.

அந்த மலைமேல் இருக்கும் அவருடைய குகைக் கோயிலுக்குப் போக பஸ் இருக்கிறது. நல்ல பஸ். ஆனாலும் ஏறுகிறவர்களில் பலர் நடைதான், அதிலும் சிலர் வெறுங்காலில். திருத்தலம் இருப்பது கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 430 மீட்டர் உயரத்தில். கல் பாவிய பழைய பாதை வளைந்து வளைந்து போகும். பலெர்மோக்காரர்களுக்கும் இது புதிதல்ல. செப்டம்பர் 3ஆம் தேதி இரவு அவர்களும் கூட்டங்கூட்டமாக ஏறுவார்கள், அவர்களிலும் வெறுங்காலர் உண்டு. அந்த ஏற்றத்துக்குச் சிசிலி மொழியில் அக்கியானாத்தா என்று பெயர். அவர்களுக்கு அது ஆண்டுக்கொரு பெருநாள். நம்மவர்களில் பலருக்கோ ஞாயிறு வந்தாலே மலைதான். வாரமெல்லாம் பிறர் வீட்டுத் தரையைத் துடைத்தும் உணவகங்களில் தட்டுக் கழுவியும் நின்ற கால்களுக்கு ஓய்வு கிடைக்கும் ஒரே நாளும் அதுதான் என்பதை மறக்காதீர்கள்.

இனி குகை. இங்கேதான் எனக்குத் தலைகால் புரியாது! வெளியே பார்த்தால் சாதாரணக் கோயில் முகப்பு. உள்ளே நுழைந்தால் ஈரப் பாறை. கூரையிலிருந்து சொட்டும் நீரைப் பிடிக்கத் உலோகத் தகட்டுப் பீலிகளை மேலே குறுக்கும் நெடுக்குமாகப் பொருத்தியிருக்கிறார்கள். 1787இல் இங்கு வந்த ஜெர்மானியக் கவிஞர் கதே, அன்றிருந்த பீலிகளைப் பார்த்துவிட்டு குகைக்குள் கள்ளி முளைத்ததுபோல இருக்கிறது என்ற பொருளில் எழுதினார். சேரும் தண்ணீர் நோய் தீர்க்கும் என்று நம்பிக்கை. தீர்த்தம் என்று தனியாகச் சொல்லித்தர வேண்டுமா நமக்கு? பீடத்தின் கீழே சாய்ந்து கிடக்கிறார் ரொசாலியா: பளிங்கு முகம், பொன்னாடை. கதே அந்த முகத்தின் முன் உட்கார்ந்தவர் எழும்ப மனமில்லாமல் இரவு வெகுநேரம் கழித்துத்தான் ஊர் திரும்பினாராம். முந்தின நாள் மச்சம் சாப்பிட்டாரா என்பது குறிப்பில் இல்லை.

ஒரு சிக்கல் உண்டு. ஆறுமுக நாவலர் 19ஆம் நூற்றாண்டில் சைவ வினாவிடையில் எல்லாவற்றுக்கும் கணக்கு எழுதி வைத்துவிட்டார். பிள்ளையாருக்கு ஒரு சுற்று, சிவனுக்கு மூன்று, அம்மனுக்கு நான்கு. திருநீறு எந்தத் திசை பார்த்துப் பூசுவது, எந்த விரல்களால் என்பதுவரை உண்டு. ஆனால் குகையை எப்படிச் சுற்றுவது? பின்னால் முழு மலையல்லவா நிற்கிறது! நின்ற இடத்திலேயே தன்னைத் தானே சுற்றிக்கொள்ளலாம். வீட்டுச் சாமியறையில் பழகியதுதான்.

கட்டுப்பாடு என்றால் சிலருக்கு முகம் சுண்டிவிடும். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. 1983க்குப் பிறகு ஊரைவிட்டு வந்தவர்களால் நல்லூர்த் தேரைப் பெட்டியில் மடித்துக் கொண்டுவர முடியவில்லை. சொன்ன நிமிடத்தில் மணி அடிக்கும் நல்லூரின் ஒழுங்கைக் கொண்டுவர முடிந்தது. அதற்கு விசாவும் தேவையில்லை, எடைக்கட்டணமும் இல்லை. அந்த ஒழுங்கை விரித்த இடம் சன்னிதி ஆனது, அவ்வளவுதான். அது இல்லாவிட்டால் இந்த ஞாயிறு ஒரு நல்ல மலைநடை. கடற்காற்று, இரண்டு செல்ஃபி, வீடு.

சோதனை என்று பார்த்தால் பலெர்மோவின் நாட்காட்டியைப்போல் குறும்பான நாட்காட்டி கிடையாது. 2024இல் கந்தசஷ்டி விரதம் தொடங்கியது நவம்பர் 2ஆம் தேதி. இங்கே அது இறந்தோர் திருநாள். அன்று இனிப்புக்கடைக் கண்ணாடிகளில் மர்த்தொரானா பளபளக்கும்: வாதுமை மாவில் செய்து வண்ணம் தீட்டிய பீச், அத்தி, கத்தரிக்காய்கூட! அசல் எது, இனிப்பு எது என்று தொட்டால்தான் தெரியும். விரதம் பிடிக்கிறவரால் தொடவும் முடியாது.

அடுத்து டிசம்பர் 13, சாந்தா லுச்சியா நாள். அன்று பலெர்மோவே விரதம்! ரொட்டி இல்லை, பாஸ்தா இல்லை. பாவம் என்று இரங்கிவிடாதீர்கள். அதற்கு ஈடாக அரிசியை உருட்டிப் பொரித்த அரன்சினாவை நாள் முழுக்கச் சாப்பிடுவார்கள். சில வருடங்களில் நம்முடைய பிள்ளையார் பெருங்கதை விரதமும் இதே நாட்களில் வந்துவிழும். கையில் 21 இழைக் காப்பு, 21 நாள், பலருக்கு ஒருநேரச் சாப்பாடு. தெருமுழுக்க அரன்சினா வாசம். ஒன்றில் இறைச்சி, ஒன்றில் பன்றித்தொடை, மூன்றாவதில் கீரை.

கீரை என்றதும் பலெர்மோவில் பிறந்த பிள்ளைகளின் முகம் மலரும்: “அம்மம்மா, இது மரக்கறிதானே?”

அம்மம்மா கடைக்காரரின் தாச்சியை எட்டிப் பார்ப்பார். “ஓம் பிள்ளை. ஆனா எண்ணெய் ஒண்டுதானே?”