சாய்ந்த பாகத்துக்கு எது சரியான அளவு?

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளுக்கு வேலை பெரும்பாலும் ஒரு டிராயிங்காகத்தான் வந்து சேர்கிறது. வடிவமைத்தவர் வேறெங்கோ இருப்பார். மில்லிங் இயந்திரத்தில் நிற்பவர் அவர் முகத்தைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். இருவருக்கும் நடுவே பேசுபவை தாளில் உள்ள எண்கள் மட்டும்தான். நேரான பாகங்களில் இந்தப் பேச்சு அவ்வளவாகப் பிசகுவதில்லை. பாகம் சாய்ந்திருந்தால்தான் சிக்கல்.

டிராயிங் வரையும் கேட் (CAD) மென்பொருள் கணக்கில் தவறுவதில்லை. எதை அளக்கச் சொன்னோமோ அதை அளந்து தருகிறது. 30 டிகிரி சாய்ந்த, 100 மி.மீ. நீளமுள்ள ஒரு பட்டையை எடுத்துக்கொள்வோம். ஆட்டோகேடில் ‘லீனியர்’ கட்டளையால் அளந்தால் கிடைமட்டமாக 86.60 வரும், செங்குத்தாக 50 வரும். ‘அலைன்ட்’ கட்டளையில்தான் 100 கிடைக்கும். மூன்றும் சரியான எண்களே. ஆனால் பட்டையை வெட்டப்போகிறவருக்கு வேண்டியது கடைசி எண்.

இது தாளின் தளத்திலேயே சாய்ந்த பாகம். நம்மை நோக்கியோ நம்மைவிட்டு விலகியோ சாய்ந்திருந்தால் ‘அலைன்ட்’டும் கைவிட்டுவிடும். ஒரு கம்பியின் இரு முனைகளுக்கு இடையே அகலத்தில் 30, உயரத்தில் 40, ஆழத்தில் 120 மி.மீ. வித்தியாசம் என்றால், முன்தோற்றத்தில் அது 50 மி.மீ. கம்பியாகத்தான் தெரியும். உண்மை நீளம் 130. சாய்ந்த முகத்தில் போட்ட வட்டத் துளையும் நீள்வட்டமாகிவிடும். பொறியியல் வரைகலை இதற்குச் சொல்லித்தரும் வழி துணைத்தோற்றம்: அந்த முகத்துக்கு நேர் எதிரே நின்று பார்ப்பதுபோல் தனியாக ஒரு படம். முகம் இரு திசையிலும் சாய்ந்திருந்தால், துணைத்தோற்றத்திலிருந்து இன்னொரு துணைத்தோற்றம் எடுக்க வேண்டும். முப்பரிமாண மென்பொருளில் இது சில நிமிட வேலை. அதைச் செய்யாமல் முன்தோற்றத்திலேயே அளவு போட்டு அனுப்புவது, பட்டறைக்காரரின் இரும்பையும் நேரத்தையும் வீணாக்கும் செயல்.

இன்னொரு பொறி, திரையில் மறையும் தசமம். ஆட்டோகேட் கோண அளவை இயல்பாக முழு எண்ணாகவே காட்டும், 29.6 டிகிரி அங்கே 30 ஆகிவிடும். 300 மி.மீ. தள்ளிப் பார்த்தால் அந்த 0.4 டிகிரி 2 மி.மீ.க்கு மேல் விலகியிருக்கும். கோணப் பிழை தூரத்தோடு வளர்வதால்தான் ஐஎஸ்ஓ 2768 தரநிலையின் ‘எம்’ வகுப்பு, கோணத்தின் குட்டைப் பக்கம் 10 மி.மீ. வரை இருந்தால் ±1 டிகிரி அனுமதித்து, 400 மி.மீ.யைத் தாண்டினால் ±5 கோண நிமிடமாக இறுக்குகிறது. நீளமான சாய்வுகளுக்குக் கோணத்தைவிட இரு முனைகளின் இடத்தைத் தூரமாகக் கொடுப்பதே நல்லது. இரண்டையும் கொடுத்தால் ஒன்றோடொன்று மோதும். அப்போது ஒன்றை அடைப்புக்குறிக்குள், வெறும் தகவலாக மட்டும் வைக்க வேண்டும்.

சரியான அளவாக இருந்தாலும் அளக்க முடியாததாக இருந்தால் பயனில்லை. 1953-இல் எச்.எம்.டி. இயந்திரக்கருவி நிறுவனம் தொடங்கப்பட்ட பெங்களூரு, இயந்திரம் செய்யும் இயந்திரங்களுக்குப் பேர்போன ஊர். அவற்றின் சறுக்குகளில் வரும் 60 டிகிரி டவ்டெயிலின் (புறாவால் வடிவப் பொருத்தின்) அடிமூலையை டிராயிங் கூர்முனையாகக் காட்டும். உலோகத்திலோ அங்கே சிறு பள்ளம் வெட்டியிருப்பார்கள். வெர்னியரை வைக்க முனையே இருக்காது. ஆகவே இரு மூலைகளிலும் உருளைகளைப் பொருத்தி, அவற்றின் வெளிப்புறத்துக்கு அளக்கிறார்கள். 10 மி.மீ. விட்டமுள்ள உருளைகள் என்றால், அடி அகலத்தோடு 27.32 மி.மீ. கூடி வர வேண்டும். கேடில் இரு கோடுகளையும் தொடும்படி அதே விட்டத்தில் வட்டங்கள் வரைந்தால் இந்த அளவு உடனே கிடைத்துவிடும். வடிவமைப்பாளரே அதை டிராயிங்கில் எழுதித் தந்தால், சோதிப்பவர் ஒவ்வொரு முறையும் கணக்குப் போட வேண்டியதில்லை.

கோணத்தைச் சோதிக்கவும் பட்டறை நீளத்தையே நம்புகிறது. கோணம் சோதிக்கும் பட்டையான 200 மி.மீ. சைன் பாரின் ஒரு முனைக்குக் கீழே 100 மி.மீ. உயரத்துக்கு ஸ்லிப் கேஜ் அளவுக்கட்டைகளை அடுக்கினால் சரியாக 30 டிகிரி. ஆனால் அந்த 30 டிகிரி எந்த முகத்திலிருந்து என்று டிராயிங் சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் பாகத்தின் எந்தப் பக்கத்தைச் சைன் பாரில் வைப்பது என்பதைச் சோதிப்பவர் ஊகித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.