இரட்டைக் கேபிளும் சுமைப் பங்கீடும்

ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தீவில் திப்பு சுல்தான் காலத்து ஆயுதக் கிடங்கு ஒன்று, 2017-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், இருந்த இடத்தினின்றும் முழுமையாகப் பெயர்த்து நகர்த்தப்பட்டது. பெங்களூர்-மைசூர் ரெயில் மார்க்கத்தில் இரண்டாவது பாதை இடுவதற்கு அது குறுக்கே நின்றதே காரணம். ஏறத்தாழ ஆயிரம் டன் எடையுள்ள அச்செங்கற் கட்டடத்தை இடிக்காமல், ஜாக்கிகளால் உயர்த்தி, நூறு மீட்டர் அளவுக்கு அப்பால் கொண்டு வைத்தனர். ஒரு பாதைக்குத் துணையாக மற்றொன்றை இடுவதற்கு மனிதர் எத்துணைச் சிரமத்தையும் மேற்கொள்வர் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

கம்ப்யூட்டர் வலையமைப்பில் இத்தகைய சிரமம் இல்லை. பள்ளியின் ஆய்வுக்கூடத்திலுள்ள ஸ்விட்ச்சையும் அலுவலக அறையிலுள்ள ஸ்விட்ச்சையும் ஒரு கிகாபிட் கேபிள் இணைத்திருக்க, அது போதாதெனில் இன்னொரு கேபிளை அருகில் இட்டு, இரண்டையும் ஒரே இணைப்பாகக் கருதுமாறு ஸ்விட்ச்சுகளுக்குக் கட்டளையிடலாம். இதனைக் கூட்டிணைப்பு எனலாம். ஐ.ஈ.ஈ.ஈ. நிறுவனம் 2000-ஆம் ஆண்டில் 802.3 ஏ.டி. என்ற பெயரில் இதற்கு விதிகளை வகுத்தது. 2008-இல் அவை 802.1 ஏ.எக்ஸ். என்ற தனி விதித்தொகுப்பாயின.

இரண்டு கேபிள் இட்டபின் வேகம் இரு மடங்காகும் என்று எதிர்பார்ப்பவர் பெரும்பாலும் ஏமாற்றமடைவர். ஒரே கோப்பு ஒரு கம்ப்யூட்டரிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது, அது முழுவதும் ஒரே கேபிள் வழியாகவே செல்லும். மற்றது சும்மா கிடக்கும். இது பழுதன்று; வேண்டுமென்றே செய்த ஏற்பாடு.

காவிரி இத்தீவின் மேற்கு முனையில் இரு கிளைகளாகப் பிரிந்து, கிழக்கே சங்கமத்தில் மீண்டும் ஒன்றுகூடுகிறது. எந்தத் துளி வடகிளையில் வந்தது, எது முன்னே வந்தது என்று நதி கேட்பதில்லை. தகவல் துண்டுகளோ வரிசை தவறாமல் சேர வேண்டியவை. அவற்றை இரு கேபிள்களிலும் மாற்றி மாற்றி அனுப்பினால், பின்னது முன்னே வந்து சேரக்கூடும். அவ்வாறு நேரின், டி.சி.பி. முறை இடையில் ஏதோ தொலைந்ததெனக் கருதித் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே ஒரே உரையாடலைச் சேர்ந்த துண்டுகள் யாவும் ஒரே கேபிளில் செல்ல வேண்டுமென்பது விதி.

எது எந்தக் கேபிளில் செல்வது என்பதை ஸ்விட்ச் முகவரிகளைக் கொண்டு கணக்கிடுகிறது. மிக எளிய வடிவில் இக்கணக்கைக் கரும்பலகையிலேயே காட்டலாம். கேபிள்கள் இரண்டு எனக் கொள்வோம். அனுப்புபவர் எண்ணும் பெறுபவர் எண்ணும் இரண்டும் ஒற்றைப்படையாகவோ, இரண்டும் இரட்டைப்படையாகவோ இருந்தால் முதற் கேபிள். ஒன்று ஒற்றை, மற்றது இரட்டை எனில் இரண்டாம் கேபிள். இப்போது சர்வரின் எண் 10 ஆகவும், மாணவர் கம்ப்யூட்டர்கள் 12, 14, 16 என ஒழுங்காகவும் அமைந்தால் என்னவாகும்? அத்தனை சுமையும் முதற் கேபிளின் தலையில் விழும். எண்களை அழகுபடுத்தும் ஆர்வம் இவ்விடத்தில் தீங்கு செய்கிறது.

கணக்கிற்கு எந்த முகவரியை எடுப்பது என்பதை அமைப்பவரே நிர்ணயிக்கலாம். சில ஸ்விட்ச்சுகள், தனியே கட்டளை தராவிடில், அனுப்புபவரின் மேக் முகவரியை மட்டுமே நோக்கும். இணையத்திலிருந்து வருபவை எல்லாம் ரௌட்டரின் ஒரே மேக் முகவரியைத் தாங்கி வருவதால், மாணவர்க்கு வரும் தகவல் முழுவதும் ஒரே கேபிளில் நெருக்கும். போகும் திசையில் மட்டும் பங்கீடு சரியாக நடக்கும். இரு முனைகளின் ஐ.பி. முகவரிகளையும், வசதியிருப்பின் போர்ட் எண்களையும் சேர்த்துக் கணக்கிடச் செய்வதே இதற்குப் பரிகாரம். ஒவ்வொரு ஸ்விட்ச்சும் தான் அனுப்பும் திசையை மட்டுமே தீர்மானிப்பதால், இம்மாற்றத்தை இரு முனைகளிலும் தனித்தனியே செய்தல் வேண்டும்.

எல்.ஏ.சி.பி. என்னும் ஒப்பந்த முறையையும் இயக்கிவைத்தல் நலம். இரு முனைகளுள் ஒன்றேனும் தானாகப் பேச்சைத் தொடங்கும் நிலையில் இருத்தல் அவசியம். இரண்டும் காத்திருந்தால் கூட்டிணைப்பு உருவாகாது. நொடிக்கு ஒன்றாகவோ 30 நொடிக்கு ஒன்றாகவோ அவை குறிப்புகளைப் பரிமாறும். தொடர்ந்து மூன்று குறிப்புகள் வராத கேபிள் கூட்டினின்று நீக்கப்படும். விளக்கு எரிந்துகொண்டிருக்க உள்ளே செத்துப்போன கேபிளையும் இம்முறை காட்டிக்கொடுக்கும்.

கேபிள் ஒன்று அறுந்தால் மற்றது வேலையை ஏற்கும் என்பது உண்மையே. ஆயினும் இரண்டும் தலா 700 மெகாபிட் சுமந்திருக்கையில் ஒன்று அறுந்தால், 1,400 மெகாபிட் 1,000-இல் அடங்காது. அவ்விடத்தில் மூன்றாவது கேபிள் தேவை. பள்ளியில் நெருக்கடி மிகுந்த நேரத்தில் ஒவ்வொரு கேபிளின் எண்ணிக்கைக் கணக்கையும் ஸ்விட்ச்சிலேயே பார்த்துக் குறித்துக்கொண்டால், அத்தேவை உண்டா என்பது தெரிந்துவிடும்.