உதிர்ந்த இலையும் திறந்த கூம்பும்

ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் இலையுதிர் காலம் வந்தால் பல வீட்டுக் கதவுகளில் அலங்கார வளையம் ஏறிவிடும். கொடியை வட்டமாக வளைத்து, பைன் கூம்பு, ஓக் கொட்டை, சிவந்த மேப்பிள் இலை, கோதுமைக் கதிர் என்று செருகிக் கட்டுவார்கள். பார்ப்பவர்கள் பாராட்டுவது நிறப் பொருத்தத்தை. அந்த வளையம் ஒரு வாரத்தில் பூசணம் பிடிக்குமா, டிசம்பர் வரை நிற்குமா என்பது ஈரத்தின் கையில் இருக்கிறது. ஒவ்வொரு பொருளும் தன் நீரை எப்படி இழக்கிறது என்று அறிந்தவருக்கே இந்தக் கைவினை கைவரும் என்பது என் கருத்து.

பைன் கூம்பையே எடுத்துக்கொள்வோம். அதன் ஒவ்வொரு செதிலிலும் இரண்டு அடுக்குகள். ஈரம் பட்டால் கீழ்ப்புற அடுக்கு நீளும். மேல் அடுக்கு அவ்வளவாக நீளாது. அதனால் மழையில் செதில்கள் மேல்நோக்கி வளைந்து கூம்பு மூடிக்கொள்கிறது, வெயிலில் காய்ந்தால் விரிகிறது. இறக்கை வைத்த விதை தூரம் போக உலர்ந்த நாள்தான் தோது. இந்த அசைவுக்கு உயிர் தேவையில்லை. செதிலின் செல்கள் எப்போதோ இறந்தவை. கொடைக்கானலில் பொறுக்கிய பழங்கூம்பைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள்: சில மணி நேரத்தில் மூடிவிடும், எடுத்து உலர்த்தினால் மறுபடி மலரும். வாசலில் தொங்கும் வளையத்தில் மழைநாளில் கட்டு தளர்வதும் இதனால்தான். ஆகவே கம்பியை அடிச்செதில்களின் இடுக்கில் சுற்றி இறுக்க வேண்டும்.

இலையின் கதை வேறு. பச்சையம் சிதையும்போது, மறைந்திருந்த மஞ்சள் கரோட்டினாய்டு வெளியே தெரிகிறது. மேப்பிளைச் சிவக்க வைக்கும் ஆந்தோசயனின் அப்போதுதான் உருவாகிறது. கூடவே காம்படியில் ஒரு தடுப்பு அடுக்கு எழுந்து நீர்ப்பாதை அடைபடுகிறது. உதிர்ந்த இலையைச் செய்தித்தாளுக்கு நடுவே கனம் வைத்து அழுத்தினால் சுருளாமல் உலரும், ஆனால் தொட்டால் நொறுங்கும். வளைந்து கொடுக்கும் இலை வேண்டுமென்றால் கிளிசரின்தான் வழி. ஒரு பங்கு கிளிசரினுக்கு இரண்டு பங்கு வெந்நீர் கலந்து, அடி நசுக்கிய பீச் கிளையை அதில் நிறுத்தி வைப்பார்கள். கிளை உறிஞ்சிய நீர் இலைவழியே ஆவியாகிவிட, கிளிசரின் தங்கிவிடும். அது காற்றின் ஈரத்தைப் பிடித்துவைப்பதால் இலை துவளும், ஒடியாது. ஆனால் கிளையை நிறம் மாறுமுன்பே வெட்டியாக வேண்டும். பாதை அடைபட்ட பிறகு கிளிசரின் ஏறாது.

வார்னிஷ் ஒரு கோட் அடித்தால் போதாதா என்று கேட்கலாம். உள்ளே ஈரம் மிச்சமிருந்தால் வார்னிஷ் அதை வெளியேற விடாது, பூசணத்துக்கு அது வசதி. பிளாஸ்டிக் இலை ஆண்டுக்கணக்கில் உழைக்கும் என்பது நியாயமான வாதம்; ஒரே அலங்காரத்தைப் பத்திரப்படுத்தி வருஷா வருஷம் தொங்கவிடுபவரோடு எனக்கு வழக்கில்லை. ஆண்டுதோறும் புதிது தேடுகிற வீட்டுக்கோ மட்கிப் போகும் பொருள்தான் நல்லது. ஜிகினாவும் ஸ்ப்ரே பெயிண்டும் ஏறிய கூம்பை உரக்குழியில் போட முடியாது. அணிலுக்கு என்ன மிஞ்சும் என்ற கேள்வி இதைவிடக் கனமானது. ஓக் கொட்டை அதன் குளிர்கால உணவு. கொட்டையை விட்டுவிட்டு, கழன்று கிடக்கும் தொப்பியை மட்டும் எடுத்தால் போதும், பார்க்கவும் அதுதான் அழகு. கூம்பிலும் உலர்ந்த நாளில் விரிந்து கிடப்பதையே எடுக்கலாம், அதன் விதைகள் பெரும்பாலும் பறந்துபோயிருக்கும். மூடிக் கிடப்பது மரத்தடியிலேயே இருக்கட்டும்.