பேரீச்சஞ் செங்காயும் அடுப்பேற்றாத ஆகாரமும்

அடுப்பேற்றாத ஆகாரமே உடம்புக்கு உகந்தது என்று கொள்வோர் ஒரு சாரார் நம்மிடையே உண்டு. அவர்களுடைய இலையில் பெரும்பாலும் காணப்படுபவை தேங்காய், வாழைப்பழம், நிலக்கடலை, முளைகட்டிய பயறு, பேரீச்சம்பழம் என்னும் ஐந்துமாம். இவற்றுள் முதல் நான்கும் திருவள்ளூர் ஜில்லாவில் விளைகின்றன. ஐந்தாவது மட்டும் கப்பலேறி வருகிறது. உலகத்தில் பேரீச்சம்பழத்தை மிகுதியாக இறக்குமதி செய்யும் தேசங்களுள் இந்தியாவும் ஒன்று. ஆதலால், அதனையும் இங்கேயே விளைவித்தால் என்ன என்ற கேள்வி நிலமுடையோர் மனத்தில் எழுவது இயல்பே. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி தாலுகாக்களில் கடலை அடுத்த கிராமங்களில் இக்கேள்விக்கு இன்னொரு காரணமும் உண்டு. அங்கே கிணற்று நீர் உப்பேறி நெல்லுக்கு உதவாமற் போன நிலங்கள் இருக்கின்றன. உப்பைத் தாங்கும் பழமரங்களில் பேரீச்சைக்கு இணையானது அரிது.

பேரீச்சம்பழத்தைப் பச்சை ஆகாரத்தின் அங்கமாகக் கொண்டவர்களுள் யாவரும் அறிந்தவர் காந்தியடிகள். 1910-ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்காவில் ஜோஹானஸ்பர்க் நகருக்கு அருகே, காலன்பாக் என்பவர் அளித்த சுமார் 1,100 ஏக்கர் நிலத்தில் டால்ஸ்டாய் பண்ணை ஏற்பட்டது. அங்கே வசித்தவர்களுள் தமிழர் குடும்பங்களும் இருந்தன. அந்நாட்களில் காந்தியடிகளும் காலன்பாக்கும் சமையலை அறவே விட்டு, வறுக்காத நிலக்கடலை, வாழைப்பழம், பேரீச்சம்பழம், எலுமிச்சம்பழம், ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றையே உண்டு வந்தனர். இந்தப் பட்டியலில் பேரீச்சம்பழம் தனியே நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். புரதத்துக்கும் கொழுப்புக்கும் கடலை, புளிப்புக்கு எலுமிச்சை, இனிப்புக்கும் பலத்துக்கும் பேரீச்சை என்று ஒன்றை ஒன்று தாங்கி நின்றன. பின்னர், 1929 மே மாதத்தில் அவர் முளைத்த கோதுமை, அரைத்த வாதுமை, பச்சிலை, எலுமிச்சை, தேன் என்று வேறொரு பச்சை ஆகாரச் சோதனையைத் தொடங்கினார். ஆகஸ்டு மாதத்தில் வயிற்றுக்கடுப்புக் கண்டு அதனை நிறுத்தி, மறுபடியும் ஆட்டுப்பாலை ஏற்றார். பச்சை ஆகாரத்தைப் போற்றுவோர் முதற் கதையைச் சொல்லுகிற அளவுக்கு இரண்டாவதைச் சொல்வதில்லை.

பழத்தின் குணம் பற்றிச் சில மிகையான பேச்சுக்கள் வழங்குகின்றன. உலர்ந்த பேரீச்சம்பழம் 100 கிராமில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சர்க்கரை; சுமார் 20 கிராம் நீர்; நார்ச்சத்து 7 அல்லது 8 கிராம்; புரதம் 2 கிராம் அளவே. இதனால் கிடைக்கும் பலம் சுமார் 280 கலோரி. பொட்டாசியம் என்னும் உப்பு மிகுதியாக உண்டு. உழைத்துக் களைத்தவனுக்கும் நோன்பு திறப்பவனுக்கும் நாலைந்து பழம் உடனே தெம்பு தருவது இதனாலேயே. ஆனால், இரத்த விருத்திக்கு இதற்கு மிஞ்சியது இல்லை என்று சொல்வது பொருந்தாது. இதிலுள்ள இரும்புச்சத்து 100 கிராமுக்குச் சுமார் 1 மில்லிகிராம்தான். வேலியோரத்து முருங்கைக்கீரையில் அதைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு இருக்கிறது. உலர்ந்த பழத்தில் சி வைட்டமின் இல்லையென்றே சொல்லலாம். பி-12 வைட்டமின் எந்தத் தாவர ஆகாரத்திலும் போதிய அளவு கிடைப்பதில்லையாதலால், பாலையும் விலக்கிப் பழமும் கொட்டையும் மட்டுமே உண்போர் வைத்தியரைக் கலந்துகொள்வது அவசியம். நீரிழிவு உள்ளவர்கள் அளவறிந்து உண்ண வேண்டும். குழந்தைகள் தின்றபின் வாய் கொப்பளிக்கும்படி செய்ய வேண்டும். பல்லிடுக்கில் ஒட்டும் பண்டங்களில் இதுவும் ஒன்று.

கடைத்தெருவில் கிடைக்கும் பழம் உண்மையில் பச்சையானதுதானா என்பதும் யோசிக்கத் தக்கது. பெட்டியில் அடைத்து வரும் பழங்களிற் பல, காய்ந்துபோனதை மிருதுவாக்க நீராவி காட்டப்பட்டவை. புழு பூச்சி ஒழிய வெப்பமோ புகைமருந்தோ ஊட்டப்பட்டவை. பளபளப்புக்காகச் சர்க்கரைப் பாகு பூசப்பட்டவையும் உண்டு. உண்பதற்கு அவை கெடுதலானவை அல்ல. எனினும், அடுப்பேறாதவை என்று சொல்ல இயலாது. தள்ளுவண்டியில் திறந்து வைத்து விற்கும் பிசைந்த பழத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. கொட்டையோடு கூடிய முழுப்பழத்தை வாங்கி, பிளந்து பார்த்து, கழுவி உண்பதே தக்கது.

மரத்திலிருந்து பறித்து அப்படியே உண்ணும் பேரீச்சை வேறு. பேரீச்சங்காய் முதலில் பச்சையாகவும், முற்றியபின் மஞ்சளாகவோ சிவப்பாகவோ செங்காயாகவும், அதன்பின் நுனியிலிருந்து கனிந்து குழைந்த பழமாகவும், கடைசியில் சுருங்கி உலர்ந்ததாகவும் மாறுகிறது. பெரும்பாலான ரகங்கள் செங்காயில் துவர்க்கும். நாக்கில் வைக்க முடியாது. பாஸ்ரா பிரதேசத்தில் தோன்றிய பர்ஹி என்னும் ரகமோ செங்காயிலேயே துவர்ப்பு நீங்கி, கரும்பைக் கடித்தாற்போல் மொறுமொறுப்பும் இனிப்புமாக இருக்கும். அப்பருவத்தில் அதன் எடையில் பாதிக்கு மேல் நீரே இருப்பதால், உலர்ந்த பழத்தைப்போல் திகட்டுவதில்லை. இதுவே பச்சை ஆகாரக்காரர்கள் தேட வேண்டிய பேரீச்சை. சாகுபடி செய்பவருக்கும் இதில் ஓர் அனுகூலம் இருக்கிறது. உலர்த்தவும் பதப்படுத்தவும் வேண்டாம். மரத்தில் பழம் முழுதும் கனியும்வரை காத்திருக்கவும் வேண்டாம்.

இந்த அனுகூலம் சிறிதன்று. பேரீச்சை, காலடியில் நீரும் தலையில் நெருப்பும் வேண்டும் மரம் என்று அராபியர் சொல்லுவர். பழம் கனியும் காலத்தில் மழை பெய்தால் தோல் வெடிக்கும், புளிக்கும், அழுகி உதிரும். குஜராத்தில் கட்ச் ஜில்லாவின் குடியானவர்கள் இதற்குக் கண்ட வழி, தென்மேற்குப் பருவமழை வலுக்குமுன் ஜூன், ஜூலை மாதங்களிலேயே செங்காயாக வெட்டி விற்றுவிடுவதாகும். அங்கே அதற்குக் காரக் என்று பெயர். முந்த்ராவில் இதற்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 2024-ஆம் ஆண்டில் கட்ச் காரக் புவிசார் குறியீடும் பெற்றது. நம் மாநிலத்தில் தருமபுரி ஜில்லா அரியாகுளத்தில் திசு வளர்ப்புக் கன்றுகளைக் கொண்டு பர்ஹி முதலான ரகங்கள் பயிராக்கப்பட்டுச் செங்காய் விற்பனையும் நடந்து வந்துள்ளது. ஆகவே, தமிழ்நாட்டில் பேரீச்சை காய்க்காது என்ற பேச்சுக்கு இனி இடமில்லை.

ஆயினும், தருமபுரியில் பலித்தது பழவேற்காட்டு ஏரிக்கரையில் அப்படியே பலிக்கும் என்று எண்ணிவிடலாகாது. தருமபுரி மேட்டுப் பிரதேசம், காற்று உலர்ந்தது. திருவள்ளூர் ஜில்லாவின் கீழ்ப்பகுதியில் கடற்காற்றின் ஈரம் ஆண்டு முழுவதும் உண்டு. வடகிழக்குப் பருவமழையே இங்கு பெருமழை என்றாலும், ஆடி ஆவணியில் மாலை வேளைகளில் இடியுடன் பெய்யும் மழையும் அற்பமானதன்று. சென்னையை ஒட்டிய இப்பகுதிகளில் ஆகஸ்டு மாதச் சராசரி மழை 100 மில்லிமீட்டருக்கு மேற்பட்டது. மாசி, பங்குனியில் பாளை வெடித்துப் பூத்த மரத்தின் குலை முற்றுவதும் சரியாக இந்தக் காலத்தை நெருங்கியே வருகிறது. ஆகவே, இங்கே உலர்ந்த பழத்தை நம்பிப் பேரீச்சை வைப்பது வீண் செலவு. செங்காயாக விற்கும் ரகம் மட்டுமே யோசிக்கத் தக்கது. அதையும் குலைக்கு உறை கட்டிக் காத்து, மழை வலுக்குமுன் இறக்கிவிட வேண்டும்.

இனி உப்பு நீரைப் பற்றி. மீஞ்சூர், பொன்னேரிப் பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணறுகளின் இறைப்பு மிகுந்ததால் கடல்நீர் நிலத்தடியில் உள்ளேறியது 1960-களின் கடைசியிலிருந்தே ஆராயப்பட்ட செய்தி. பாசன நீரின் உப்பை டெசிசீமன் என்னும் அளவால் கணக்கிடுகிறார்கள். நெல்லுக்கு அந்த அளவு 2 வரை குறைவில்லை. 5-ஐ நெருங்கினால் மகசூல் பாதியாகிவிடும். பேரீச்சைக்கோ 2.7 வரை மகசூலில் சேதமே இல்லை, 4.5 ஆனால் பத்தில் ஒரு பங்கு குறையும். 12-ஐ எட்டினால்தான் பாதியாகும். இந்தக் கணக்கு மனத்தை இழுப்பதுதான். ஆனால், வடிகால் உள்ள நிலத்துக்கே இது பொருந்தும். மணற்சாரியில் உப்பு மழையோடு கீழே இறங்கிவிடும். களிமண்ணில் வேரைச் சுற்றியே தங்கும். பேரீச்சை பாலைவனத்து மரமாதலால் தண்ணீரே வேண்டாம் என்பதும் தவறு. வறட்சியில் அது சாகாது; ஆனால், காய்க்க வேண்டுமானால் தென்னைக்கு இறைப்பதுபோல் இறைத்தாக வேண்டும். தாழ்ந்த நிலத்தில் இளங்கன்று வைப்பதும் கூடாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழை எவ்வாறு தேங்கி நின்றது என்பது ஆரணியாற்றுக் கரையோரத்தாருக்கு நினைவிருக்கும்.

தொழிற்பேட்டையை ஒட்டிய நிலங்களில் நீரை உப்புக்கு மட்டுமன்றி, ஈயம் முதலிய கன உலோகங்களுக்கும் சோதித்துக்கொள்வது நல்லது. வேகவைக்காமல் உண்ணப்போகும் பண்டத்துக்கு இந்த ஜாக்கிரதை இரட்டிப்பாக வேண்டும். திரூரிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் இதுபற்றி விசாரிக்கலாம்.

செலவைக் கணக்கிட்டால், 8 மீட்டருக்கு 8 மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 62 கன்றுகள் பிடிக்கும். கன்று ஒன்று 4,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கன்றுக்கு மட்டும் 2,48,000 ரூபாய். விதை போட்டு முளைத்த கன்று மலிவாகக் கிடைக்கும். ஆனால், அதில் ஏறக்குறைய பாதி ஆண் மரமாகிவிடும், மீதியிலும் தாயின் ரகம் வாராது. பேரீச்சையில் ஆணும் பெண்ணும் தனித்தனி மரங்கள். நாற்பது ஐம்பது பெண் மரங்களுக்கு ஓர் ஆண் மரம் போதும்; ஆனால், காற்றை நம்பாமல், பெண் பாளை வெடித்த இரண்டு மூன்று நாட்களுக்குள் ஆண் பூச்சரங்களை அதனிடையே செருகிக் கட்ட வேண்டும். இதில் தவறினால் அவ்வாண்டுக் குலை கொட்டையற்ற சூம்பல் காயாகிவிடும். மூன்றாம் நான்காம் ஆண்டில் காய்ப்புத் தொடங்கினாலும், ஏழெட்டு ஆண்டுகளுக்கு மேலேதான் முழு மகசூல். தென்னையைக் கெடுக்கும் காண்டாமிருக வண்டும் சிவப்புக் கூன்வண்டும் இதற்கும் பகை. வண்டு புகுந்த மரத்தை வெட்டி எரிக்காமல் விட்டால் பக்கத்துத் தென்னந்தோப்புக்கும் ஆபத்து. இவற்றையெல்லாம் நோக்கும்போது, ஏக்கர் கணக்கில் இறங்காமல், நீர் வடியும் மேட்டில் ஐந்தாறு மரங்கள் வைத்து இரண்டு பருவம் பார்த்தபின் பெருக்குவதே புத்திசாலித்தனம். செங்காய் பறித்தால் சாதாரண வெப்பத்தில் சில நாட்களே நிற்குமாதலால், முதல் குலை வெட்டுமுன் வாங்குவோரைப் பேசி வைத்திருக்கவும் வேண்டும். சென்னை மாநகரம் இரண்டு மணி நேரத் தொலைவில் இருப்பது இவ்வட்டாரத்தாருக்கு ஒரு பெரும் சௌகரியம்.

குலைக்கு உறை கட்டுவது மழைக்காக மட்டும் அன்று. வௌவால் கடித்த பழத்தை எக்காரணத்தாலும் உண்ணவோ விற்கவோ கூடாது. வங்காள தேசத்தில் 2001-ஆம் ஆண்டு முதல் நிபா என்னும் கொடிய காய்ச்சல் பலமுறை தோன்றியதற்கு, வௌவால் வாய்வைத்த ஈச்சஞ்சாற்றைக் காய்ச்சாமல் பருகியது ஒரு முக்கியக் காரணமென்று கண்டறியப்பட்டது. 2018-இல் கேரளத்தில் கோழிக்கோட்டுப் பக்கமும் அந்நோய் உயிர்களைக் குடித்தது. பச்சையாக உண்பதே நலம் என்ற கொள்கை, இறக்கிய சாற்றுக்குப் பொருந்தாது.

கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று எஞ்சியுள்ளது. பேரீச்சைக்குத் தம்பி முறையான ஈச்சை இந்தச் சோழமண்டலக் கரைக்கு அந்நியமன்று. குட்டையாய்ப் புதராக வளரும் சிற்றீச்சையும், ஓங்கி வளரும் ஈச்சமரமும் ஏரிக்கரைகளிலும் ஓடைப் புறம்போக்குகளிலும் தாமே முளைக்கின்றன. கோடையில் கறுத்துக் கனியும் அதன் சிறு பழத்தை இருளர் குடிகளும் ஆடு மாடு மேய்க்கும் சிறுவரும் பறித்து அப்படியே உண்பர். சதை சொற்பம், ஆயினும் மாவும் இனிப்புமாக இருக்கும். பஞ்ச காலத்தில் சிற்றீச்சைத் தண்டின் உள்மாவைக் கஞ்சியாக்கி ஏழைகள் உயிர் தரித்ததை ராக்ஸ்பரோ என்னும் தாவர நூலார் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே எழுதி வைத்திருக்கிறார். ஓலை பாய்க்கும் கூடைக்கும் துடைப்பத்துக்கும் ஆகும். வேர் கரையை இறுக்கிப் பிடிக்கும்.

புறம்போக்கில் சீமைக் கருவேலை அகற்ற இயந்திரம் கொண்டுவரும்போது, இரண்டும் முள்தானே என்று ஈச்சையையும் சேர்த்து வாரிவிடுவது எளிது. வேலை தொடங்குமுன் ஈச்சம்புதர்களுக்குச் சுண்ணாம்பு அடையாளம் இட்டு, ஒப்பந்தக்காரருக்குக் காட்டிவிட வேண்டும். பழத்தை வழக்கமாகப் பறித்துவரும் குடிகளையும் அன்று உடன் அழைத்துச் சென்றால், எது ஆண், எது காய்க்கும் பெண் என்று அவர்களே சொல்லுவர். உடைந்த கரைகளில் புதிதாக வைப்பதற்கு, ஜூன் மாதத்தில் உதிர்ந்த பழத்தின் விதைகளைச் சேர்த்து, ஒருநாள் நீரில் ஊறவைத்து, ஆடி மழையில் இரண்டு அங்குல ஆழத்தில் ஊன்றலாம்; முதல் ஆண்டு மட்டும் ஆடு கடிக்காமல் முள் அடைக்க வேண்டும்.