கட்டி எங்கே இருக்கிறது?

ஸ்கேன் அறிக்கையில் 'ஃபைப்ராய்டு, 4 செ.மீ.' என்று பார்த்ததும் வீட்டில் எல்லோரும் கேட்பது, "கேன்சரா?" கிட்டத்தட்ட எப்போதும் இல்லை. கர்ப்பப்பைத் தசையின் ஒரேயொரு செல் தடம் மாறிப் பெருகி உருண்டையாவதுதான் ஃபைப்ராய்டு. (சினைப்பையில் வரும் நீர்க்கட்டி வேறு.) இவற்றில் சுமார் 70 சதவீதத்தில் எம்.இ.டி.12 என்ற மரபணு பிறழ்ந்திருப்பதை 2011இல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் கண்டார்கள். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோனும் இருக்கும்வரை வளரும். மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் சுருங்கும். 27 வயதுப் பெண்ணுக்கு இது ஆறுதலாகாது.

சென்டிமீட்டரைவிட முக்கியம், கட்டி இருக்கும் இடம். உட்குழிக்குள் துருத்தும் 2 செ.மீ. கட்டி ரத்தத்தைக் கொட்டவைக்கும், கருத்தரிப்பையும் தடுக்கலாம். வெளிச்சுவரில் இருக்கும் 6 செ.மீ. கட்டி வாயே திறக்காமல் கிடக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிறது, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றால் அது ரத்தசோகையாக இருக்கலாம். 'பொம்பளைன்னா அப்படித்தான்' என்று அதைத் தாங்கிக்கொள்ளப் பழக்குவதுதான் நாம் செய்யும் பெரிய தீங்கு.

தொல்லை தராத கட்டியைக் கண்காணித்தால் போதும். ரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்சாமிக் அமில மாத்திரை, காப்பர்-டி வடிவில் ஆனால் ஹார்மோன் சுரக்கும் சாதனம் உண்டு. கட்டியைச் சுருக்கும் ஹார்மோன் ஊசியை நீண்டநாள் போட்டால் எலும்பு தேயும். நிறுத்தினால் கட்டி திரும்ப வளரும்.

கட்டியை மட்டும் எடுக்கும் அறுவைசிகிச்சை பிள்ளை வேண்டுபவர்களுக்கு ஏற்றது. உட்குழிக் கட்டி என்றால் வயிற்றைக் கீறவே வேண்டாம். பிறப்புறுப்பு வழியே கருவியைச் செலுத்தி அகற்றலாம். ஆனால் புதிய கட்டிகள் முளைக்கக்கூடும். சுவரை ஆழமாக வெட்டித் தைத்திருந்தால் பிரசவம் சிசேரியனாகலாம். கட்டியை மட்டும் எடுக்கும் முறைக்காக வாதாடிய லண்டன் மருத்துவர் விக்டர் பானியின் மனைவியே, மணமான சில காலத்தில் கர்ப்பப்பையை இழந்தவர். ரத்தக்குழாயை நுண்துகள்களால் அடைத்துக் கட்டியைப் பட்டினி போடும் முறையை 1995இல் பாரிஸின் ஜாக் ரவினா குழு அறிவித்தது. கருவுற விரும்புபவர்களுக்கு இதைச் சொல்ல மருத்துவர்கள் தயங்குகிறார்கள்.

நம் நாட்டிலோ, கர்ப்பப்பையையே 'எடுத்துட்டா நிம்மதி' என்பது எளிதில் வந்துவிடும் யோசனை. தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது. இளவயதில் கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னால், கட்டியை மட்டும் எடுக்க முடியாதா என்று கேளுங்கள். ஸ்கேனோடு இன்னொரு மகப்பேறு மருத்துவரையும் பாருங்கள்.